மென்பொருட் களஞ்சியங்களும் ஒப்பமும்

ஒரு பொருள் எவ்வழியே வந்தது என்பதைவிட, எவரிடமிருந்து வந்தது என்பதே அதனை நம்புதற்குரிய அடிப்படையாகும். லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாள்வோர் தமக்கு வேண்டிய மென்பொருட் பொதிகளைப் பெரும்பாலும் களஞ்சியங்களிலிருந்தே பெறுகின்றனர். 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் என்பார் தொடக்கிய டெபியன் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதன் களஞ்சியத்தின் படிகள் பல நாடுகளிலுள்ள சேவையகங்களில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை நடத்துவோர் யாவரையும் நாம் அறியோம். பொதியோ நிறுவப்படும்போது கணினியின் முழு அதிகாரத்தையும் பெறுவது. இடைவழியில் எவரும் அதனை மாற்றவில்லை என்பதை அறிவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு விடையாக அமைந்ததே ஒப்பமிடும் முறை. இதற்குரிய சாவிகள் இரண்டு. அந்தரங்கச் சாவி களஞ்சியத்தை ஆள்வோரிடம் மட்டும் இருப்பது, ஒப்பமிடுதற்கு உரியது. பகிரங்கச் சாவி யாவர்க்கும் வழங்கப்படுவது. அதனால் ஒப்பத்தைச் சோதிக்கலாமேயன்றி இடுதல் இயலாது.

டெபியன் களஞ்சியத்திற் பொதிகளைத் தனித்தனியே ஒப்பமிட்டுக் காப்பதில்லை. ஒவ்வொரு பொதியிலிருந்தும் ஷா-256 என்னும் கணிப்பு முறையால் 64 குறிகள் கொண்ட சுருக்கமொன்று பெறப்படும். பொதியில் ஓரெழுத்து மாறினும் சுருக்கம் முற்றாக வேறுபடும். இச்சுருக்கங்கள் பொதிப்பட்டியலில் இடம்பெறும், அப்பட்டியலின் சுருக்கம் 'இன்ரிலீஸ்' என்னும் கோப்பில் இடம்பெறும், அக்கோப்பே ஒப்பமிடப்படும். ஆகவே ஓர் ஒப்பம் பல்லாயிரம் பொதிகளுக்குக் காவலாகின்றது. 2007இல் வெளிவந்த 4ஆம் பதிப்பு முதலாக 'அப்ட்' என்னும் கருவி இச்சோதனையைத் தானே செய்து வருகின்றது.

டெபியனுக்குரிய பகிரங்கச் சாவி இயங்குதளத்துடனேயே வந்துவிடும். பிறர் நடத்தும் களஞ்சியமொன்றைச் சேர்க்குமிடத்தே அவர்தம் சாவியை நாமே வைத்தல் வேண்டும். முன்னர் 'அப்ட்-கீ' என்னும் கட்டளையால் அதனைப் பொதுச் சாவிக்கொத்தில் இணைப்பது வழக்கம். அதனால் அச்சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியாயிற்று. ஓர் அறைக்கென ஏற்ற சாவி வீடு முழுவதையும் திறப்பதாயிற்று. எனவே அம்முறை கைவிடப்பட்டது. இன்று சாவியைத் தனிக்கோப்பாகக் 'கீரிங்ஸ்' என்னும் அடைவில் வைத்து, களஞ்சியத்தின் முகவரி எழுதப்படும் பதிவிலேயே 'சைன்ட்-பை' என்னும் குறிப்பால் அக்கோப்பைச் சுட்டுதல் முறையாகும். இவ்வாறு செய்யின் அக்களஞ்சியத்தின் ஒப்பம் அச்சாவியாலேயே சோதிக்கப்படும். பிறவற்றில் அதற்கு உரிமையில்லை. சாவியின் 'விரலடையாளம்' எனப்படும் எண்ணை வேறொரு வழியாலும் ஒப்புநோக்குதல் வேண்டும். பொதியும் சாவியும் ஓரிடத்திலிருந்தே வருமாயின், அவ்விடத்தைக் கைப்பற்றியவன் இரண்டையும் ஒருங்கே மாற்றிவிடுவான்.

ஆயினும் ஒப்பத்துக்கும் எல்லையுண்டு. பொதி யாருடையது என்பதை அது கூறும்; நல்லதா என்பதைக் கூறாது. 2008 ஓகஸ்டில் ரெட் ஹட் நிறுவனத்தின் சேவையகங்களுட் புகுந்த ஒருவர், ஓபன்எஸ்எஸ்எச் பொதிகள் சிலவற்றுக்கு அந்நிறுவனத்தின் ஒப்பத்தையே இடுவித்தார். அவை தனது வழங்கல் வழியிற் கலக்கவில்லை என நம்புவதாக நிறுவனம் அறிவித்தது. அங்கே கணிதம் பிழைக்கவில்லை, காவலே தவறியது. ஆதலின் ஒரு களஞ்சியத்தைச் சேர்க்குமுன், அதன் சாவியைக் காப்போர் எத்தகையோர் என ஆராய்தல் நம் கடனாகும். அவ்வாராய்ச்சியை எக்கருவியும் நமக்காகச் செய்யாது.