பெரிய வீட்டுப் பிள்ளைகளும் அரிவாளும்

பூமணியின் ‘வெக்கை’ 1982-இல் வந்தது. கோவில்பட்டிப் பக்கம் ஆண்டிப்பட்டிதான் அவருக்குச் சொந்த ஊர். பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டு வரலாம் என்றுதான் போகிறான். ஆள் செத்துப்போகிறான். நாவலின் தொடக்கத்திலேயே இது முடிந்துவிடும். மிச்சமெல்லாம் அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவதும், பசியாறுவதும், பழங்கதை பேசுவதும்தான். நிலத்துக்காக ஆளைக் கொல்லத் துணிந்த பணக்காரனுக்குப் பூமணி மேடை போட்டுக் கொடுக்கவில்லை. குற்றக்கதையில் இடம் யாருக்கு என்ற கேள்விக்குக் கரிசல் சொன்ன முதல் தெளிவான பதில் அதுதான் என்பேன்.

அந்த நாவலைத்தான் வெற்றிமாறன் 2019-இல் ‘அசுரன்’ ஆக்கினார். நாவல் வாய்விட்டுச் சொல்லாத சாதியைப் படம் பஞ்சமி நிலம், செருப்பு என்று வெளிப்படையாகவே பேசியது. அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் கதையின் நடுவில் நின்ற சிறுவன் கொஞ்சம் ஒதுங்கி, நட்சத்திர அப்பாவுக்கு வழிவிட வேண்டியதாயிற்று.

வசதியும் சாதிப் பலமும் சேர்ந்த இளைஞர் கூட்டத்தை நம் சினிமா மிக நெருங்கிப் பார்த்தது, அதற்கு முந்தின ஆண்டு வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில். புளியங்குளத்துப் பையன் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்குப் போகிறான். கூடப் படிக்கும் பெண் அழைத்தாளே என்று கல்யாண வீட்டுக்குப் போனவனை அவளுடைய சொந்தக்காரப் பையன்கள் அறையில் அடைத்து அடிக்கிறார்கள், மேலே சிறுநீர் கழிக்கிறார்கள். பிறகு அவன் அப்பாவின் வேட்டியை உருவி ரோட்டில் ஓடவிடுகிறார்கள். அந்த அப்பாவாக நடித்த நெல்லை தங்கராஜ், பெண் வேடம் கட்டி ஆடிய உண்மையான நாட்டுப்புறக் கலைஞர், 2023-இல் காலமானார். வேட்டியை இழந்து அவர் ஓடும்போது மாரி செல்வராஜின் கேமரா விரட்டுகிறவர்களின் கெத்தை ரசிக்கவில்லை, ஓடுகிறவரின் உடம்போடு ஓடுகிறது. பிரதிநிதித்துவம் என்றால் எனக்கு இதுதான்: யாரை நடிக்க வைத்தோம் என்பதோடு, யார் பக்கம் நின்று பார்த்தோம் என்பதும்.

அதே இயக்குநரின் ‘மாமன்னன்’ 2023 ஜூனில் வந்தபோது நடந்தது வேறு. பகத் பாசில் நடித்த ரத்தினவேல், பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறவன். படம் ஓடிடிக்கு வந்ததும் அவனுடைய காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி ரீல்ஸாகப் பரப்பினார்கள் இளவட்டங்கள். வில்லனாக எழுதியவனை நாயகனாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, உடன் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தங்கள் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் முறையிட்டான் என்பதே அவர்கள் ஆத்திரம். சினிமா அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன், அந்த வன்மம் சினிமாவுக்கு வெகுகாலம் மூத்தது. அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024-இல் தந்த அறிக்கை, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். கயிறு கட்டிய கைக்கு வீட்டில் என்ன சொல்லி வளர்த்தார்கள் என்பதை யார் எழுதுவது?

இன்னொரு குறையும் உண்டு. ‘அசுரன்’ பச்சையம்மாளாக மஞ்சு வாரியர், மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ பட நாயகியாக ரஜிஷா விஜயன். இருவரும் நல்ல நடிகைகள், கேரளத்துக்காரர்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுகளில் நாள் முழுக்கக் கை ஓயாத பெண்களின் ஊரிலிருந்து ஒரு முகத்துக்குக்கூடப் பெரிய வேடம் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான்.

ஆனாலும் பெரிய குறை, அந்தக் கயிறு கட்டிய கையின் வீட்டை யாரும் எழுதாததுதான். அடிபட்டவர்கள் தங்கள் கதையை எழுதிவிட்டார்கள், படமும் எடுத்துவிட்டார்கள். அடித்தவனின் வீட்டுக்குள்ளிருந்து ஒரு நேர்மையான குற்றக்கதை இன்னும் வரவில்லை. மகன் அரிவாளோடு திரிவது தெரிந்தும் சோறு போடும் தாய், ஜாமீனுக்கு ஓடும் தாய்மாமன், எல்லாம் தெரிந்த தங்கை. இடைசெவல் கி.ராஜநாராயணன் நிலம் வைத்திருந்த தன் சனங்களின் கதையை அவர்களுக்குள்ளிருந்தே எழுதிக் காட்டியவர். அந்த வழியில், ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளில் பிறந்த எழுத்தாளர்களும் இயக்குநர்களும் தங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும். மாரி செல்வராஜிடமே அந்த வேலையையும் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை.