பள்ளத்தில் தேங்கும் குளிர்

நீலகிரியின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கி, ஊட்டி ‘மினி காஷ்மீர்’ ஆகிவிட்டதாகக் குளிர்காலந்தோறும் வெளிவரும் செய்திகள், அந்த அளவு புல்நுனியில் எடுக்கப்பட்டதா, தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் காப்புக்கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானியில் எடுக்கப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரே இரவில் இவ்விரு அளவுகளும் சில பாகைகள் வேறுபடும். மேலும், அங்குக் காணப்படுவது காஷ்மீரில் வானிலிருந்து பொழியும் பனியன்று. காற்றிலுள்ள நீராவி புல்லின்மேல் நேரடியாகப் பனிப்படிகமாகப் படியும் உறைபனி.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மேகமும் காற்றும் அற்ற இரவுகளில், நிலம் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக இழக்க, அதைத் தடுக்கும் நீராவி மலைமேல் குறைவாக இருப்பதால், தரையை ஒட்டிய காற்று விரைந்து குளிர்கிறது. வியப்பு இதன் பிறகுதான் தொடங்குகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்ததாகையால், மேட்டு வயலில் பாய்ச்சிய நீர் மடைவழியே பள்ள வயலுக்கு இறங்குவதுபோல, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. குறுக்கே நிற்கும் மரவரிசையும் சாலைக்கரையும் வரப்பாகின்றன. வரப்பு உயர உயரத் தேக்கம் ஆழமாகிறது. வெயில் ஏறிக் காற்றைக் கலக்கும்வரை அந்த வயல் வடிவதில்லை. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா முகட்டைவிடத் தாழ்ந்த தலைகுந்தாவிலும் காந்தலிலும் உறைபனி கடுமையாகப் படிவது இதனால்தான். உயரே செல்லச் செல்லக் குளிரும் என்னும் பொதுவிதி இவ்வாறு புரள்வதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பர்.

சோலைகள் எனப்படும் குட்டையான பசுமைமாறாக் காடுகள் மலைமடிப்புகளில் ஒதுங்கி நிற்க, சரிவுகளில் புல்வெளி விரிந்து கிடப்பதற்கு வன அலுவலர் சி. ஆர். ரங்கநாதன் 1938இல் இவ்வுறைபனியையே காரணமாகக் காட்டினார்: சோலை மரத்தின் கன்று திறந்தவெளியில் கருகிவிடும், தாய்மரங்களின் கவிகைக்குள் பிழைத்துக்கொள்ளும். தீயும் மேய்ச்சலுமே காரணம் என்போரும் உண்டு. ஆயினும் மலைச் சதுப்புகளின் கரிமண்ணில் கிடைத்த கரிம ஓரிடத்தான் சான்றுகள், கடைசிப் பனியுகத்திலேயே இங்குப் புல்வெளி இருந்ததைக் காட்டுகின்றன.

தோடரும் கோத்தரும் படகரும் வாழ்ந்திருந்த இம்மலைக்குக் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் வந்ததும், 1908இல் ரயில் ஊட்டியை எட்டியதும் பலரும் அறிந்த வரலாறு. கவலைக்குரியது, அதைத் தொடர்ந்து தொன்மையான புல்வெளியைத் தரிசென்று கருதிச் சீகையும் கற்பூர மரமும் நட்டு, அதன் பெரும்பகுதியை அழித்தமை.

நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் நடைமுறையிலுள்ள இ-பாஸ் வாகனங்களைக் கணக்கிடுகிறதேயன்றி, இறங்கியவர்களின் கால்கள் எஞ்சிய புல்வெளியில் எங்குப் படுகின்றன என்பதைக் கணக்கிடுவதில்லை. உறைபனியைக் காண விரும்புவோர் முகட்டுக்கு ஏறாமல், விடியலில் பள்ளத்தாக்கின் சாலையோரத்தில் நின்று பார்ப்பதே போதுமானது. உறைந்த நிலையில் மிதிபடும் புல்லின் செல்கள் உடைந்து, காலடித் தடங்கள் பல நாள் பழுப்பேறிக் கிடக்கும்.