காதில் விழுகிறது, வாங்க முடியவில்லை

“எத்தனை தடவை சொன்னாலும் காதுலயே வாங்க மாட்டேங்குறான்!” கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் அம்மாக்கள் அலுத்துக்கொள்வது இப்படித்தான். காதில் விழுவது வேறு, காதில் வாங்குவது வேறு என்று தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. சில பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவதில்தான் சிக்கல்.

ஆடியோகிராம் எடுத்தால் கேட்கும் திறன் இயல்பாகவே இருக்கும். காது அனுப்பிய ஒலியைப் பிரித்துப் பொருள்கொள்ளும் மூளையின் வேலை மட்டும் தடுமாறும். செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்பது இதன் பெயர். மின்விசிறி இரைச்சல், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, வெளியே பஸ் ஹாரன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு டீச்சர் குரலை மட்டும் நாம் பிடித்துக்கொள்வோம். இந்தப் பிள்ளையால் அது முடியாது. ‘பள்ளி’ ‘பல்லி’யாகும், ‘பாடம்’ ‘படம்’ ஆகும். மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் நடக்கும். சுற்றுச் சத்தத்தைவிட ஆசிரியர் குரல் 15 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறார்கள் ஒலியியல் வல்லுநர்கள். நம் வகுப்பறைகளில் எத்தனை இதில் தேறும்?

காதில் சீழ், கேட்கும் திறன் குறைவு, கவனச்சிதறல் இவையெல்லாம் இல்லையென்று முதலில் உறுதி செய்ய வேண்டும். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களை ஒலிக்கவிட்டுச் செய்யும் சோதனைகளைப் பெரும்பாலும் 7 வயதுக்குப் பிறகே நம்ப முடியும்.

பேச்சுப் பயிற்சியாளர் ‘கல்–கால்’, ‘மனம்–மணம்’ போன்ற சொல் இணைகளை முதலில் அமைதியில் கேட்க வைப்பார். பிறகு மெல்ல மெல்லச் சத்தத்தைச் சேர்ப்பார். ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு தமிழ்ப் பிள்ளைக்குப் பயிற்சி தருவது வீண் என்பது என் எண்ணம். இந்தக் குறைபாட்டைத் தனி நோயாகக் கொள்ளலாமா என்று ஆய்வாளர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். அதனால் மூன்று மாதத்தில் முழுக் குணம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர்தானா என்று கேளுங்கள்.

சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாறிய கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பரிசோதனையைத் தொடங்கலாம். விரிவான சோதனை தேவைப்பட்டால், 1965-ல் தொடங்கிய மைசூரு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அந்தப் பிள்ளையை நாளைக்கே ஜன்னலோரத்திலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றுங்கள். அதற்கு எந்த மருத்துவச் சான்றிதழும் வேண்டியதில்லை.