மெலிந்த குழந்தை என்றாலே பட்டினியா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் கல்லீரல் நோயும் குமரி மாவட்டத்துக் கேள்விகளும்

செங்கல் சூளையிலோ முந்திரி ஆலையிலோ நாள் முழுதும் உழைக்கும் பெற்றோரின் குழந்தை ஒன்று ஓயாமல் இருமுகிறது. வயிறு உப்பியிருக்கிறது, கைகால்கள் மெலிந்திருக்கின்றன. இக்குழந்தையைக் காண்போர் முதலில் எண்ணுவது வறுமையை. அடுத்து எண்ணுவது காசநோயை. இன்று கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி இயங்கும் ஆசாரிப்பள்ளம் வளாகம் ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்தது. அத்தகைய மண்ணில் இருமலும் மெலிவும் காசநோயை நினைவூட்டுவது இயல்பே. ஆனால் மருந்து முடிந்த பின்னும் இருமல் தொடர்ந்தால், வயிறு நிறைய உண்டும் எடை கூடாவிட்டால், வேறொரு கேள்வி எழுந்தாக வேண்டும். ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைக்கு அந்தக் கேள்வி மிகத் தாமதமாகவே எழுகிறது. மெலிவு அக்குழந்தையின் இயல்பு என்று சமூகம் முன்பே முடிவு செய்துவிட்டிருப்பதே அதற்குக் காரணம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஒரு மரபணு நோய். 1938இல் டோரதி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இதனைத் தனி நோயாக விரிவாக விளக்கினார். இதற்குக் காரணமான மரபணு 1989இல் கண்டறியப்பட்டது. உயிரணுக்களின் வழியே உப்பும் நீரும் செல்வதை ஒழுங்குபடுத்தும் புரதம் பழுதுபடுவதால், உடலின் சுரப்புகள் பசைபோல் கெட்டியாகின்றன. நுரையீரலில் சளி தேங்கிக் கிருமிகள் தங்குகின்றன. கணையத்தின் குழாய்கள் அடைபடுவதால் செரிமான நொதிகள் குடலை அடைவதில்லை. குழந்தை உண்ட சாளை மீனின் கொழுப்பும் தேங்காயின் கொழுப்பும் உடலில் ஒட்டாமல், எண்ணெய்ப் பசையும் கடும் நாற்றமும் கொண்ட மலமாக வெளியேறுகின்றன. சோறு குறைந்ததால் வந்த மெலிவன்று இது. நொதி குறைந்ததால் வந்தது.

வியர்வையில் உப்பு மிகுந்திருப்பது இந்நோயின் அடையாளம். குழந்தையை முத்தமிடும் தாய்க்கு உப்புக் கரிக்கும். வியர்வையில் குளோரைடின் அளவு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஊசியின்றி, வலியின்றிச் செய்யக்கூடிய சோதனை இது. வெள்ளையர்க்கு வரும் நோய் என்ற பழைய எண்ணத்தால் இந்தியாவில் இச்சோதனை நெடுங்காலம் பரவவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் டெல்லி எய்ம்ஸும் இந்நோயுள்ள இந்தியக் குழந்தைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்து வருவதே அந்த எண்ணத்திற்கு மறுப்பு.

பெரும்பாலானோர் இதனை நுரையீரல் நோயாக மட்டுமே அறிவர். கல்லீரலைப் பற்றிய பேச்சு குறைவு. பித்தநீரும் கெட்டியாகிச் சிறு குழாய்களை அடைக்கிறது. காலப்போக்கில் கல்லீரலில் தழும்பு படர்கிறது. நோயுற்றோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குக் கல்லீரல் ஏதேனும் ஒரு வகையில் பாதிக்கப்படுகிறது. 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அது ஈரல் இறுக்கமாக முற்றுகிறது, பெரும்பாலும் சிறுவயதிலேயே. கல்லீரலுக்குச் செல்லும் இரத்த நாளத்தில் அழுத்தம் கூடுகிறது, மண்ணீரல் வீங்குகிறது, உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்து, ஒருநாள் வெடித்து இரத்த வாந்தியாகலாம். கறுத்த மலமோ இரத்த வாந்தியோ கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆண்டுதோறும் வயிற்றுப் பரிசோதனை, இரத்தச் சோதனை, ஸ்கேன் ஆகியவை செய்யப்பட்டால் ஆபத்தை முன்கூட்டியே அறிய முடியும்.

இத்தகைய குழந்தையின் வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு அளப்பது? இந்நோய்க்கென உருவாக்கப்பட்ட வினாத்தாள் ஒன்று உலகில் பல நாடுகளில் பயன்படுகிறது. மூச்சு, செரிமானம், உணவு, உடல் தோற்றம், மனநிலை, பிறரோடு பழகுதல், சிகிச்சையின் சுமை எனப் பிரித்துக் கேட்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறார்கள். ஆய்வக எண்கள் சொல்லாதவற்றைக் குழந்தையின் வாயிலாகவே கேட்பது இதன் சிறப்பு. ஆயினும், நம் சமூகத்தில் அக்குழந்தை எதிர்கொள்ளும் ஒன்றை இவ்வினாக்கள் நேரடியாகக் கேட்பதில்லை. அது சாதி.

நாற்றமுள்ள மலமும் அடிக்கடி கழிப்பறை செல்லும் தேவையும் எந்தக் குழந்தையையும் கூச வைக்கும். "அசுத்தம்" என்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட சமூகத்தின் குழந்தைக்கு அது நோயின் அறிகுறியாக மட்டும் நிற்பதில்லை. வகுப்பறையில் தள்ளி உட்காரவைக்க மற்றவர்க்குக் கிடைத்த இன்னொரு சாக்காகிறது. இருமினால் காசநோய் என்று விலக்குகிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மற்ற மாணவர்க்குத் தொற்றாது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால் அவ்விலக்கல் நேராது. ஒவ்வொரு வேளை உணவோடும் நொதி மாத்திரை விழுங்க வேண்டும் என்பதைச் சத்துணவுப் பொறுப்பாளரும் அறிந்திருக்க வேண்டும். மண்ணீரல் வீங்கிய குழந்தையின் வயிற்றில் விழும் ஓர் அடி உயிரைப் பறிக்கலாம். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009 தடை செய்கிறது. இக்குழந்தைக்கு அத்தடை உயிர்காப்பு.

வீட்டிலும் எளிதன்று. நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பு வெளியேறுவதால் கஞ்சியில் கூடுதலாக உப்பிட வேண்டும். கல்லீரல் முற்றி வயிற்றில் நீர் கோத்தாலோ உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். நுரையீரலுக்கு ஓடியாடும் பயிற்சி தேவை. மண்ணீரலுக்கோ முட்டிமோதும் விளையாட்டு ஆகாது. வலி, காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக் கசிவைத் தூண்டும். இவற்றையெல்லாம் நாளுக்கு நாள் சமன்செய்ய, அருகில் நின்று சொல்லித் தரும் மருத்துவக் குழு வேண்டும். கூலி இழந்து நெடுந்தொலைவு செல்லும் தாயால் அடிக்கடி போய்க் கேட்டுவர முடியாது.

தாய் தந்தை இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இந்நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என உறவுக்குள் மணப்பது அவ்வாய்ப்பைக் கூட்டுகிறது. இது எல்லாச் சாதியாருக்கும் பொருந்தும். அகமணமே சாதியின் அடித்தளம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். மூடிய வட்டம் சமூகத்தை மட்டுமன்றி உடலையும் வருத்தும் என்பதை மரபணுவியல் காட்டுகிறது. அதற்காகத் தாயைப் பழிப்பது அறியாமை.

அரசின் கொள்கை என்ன சொல்கிறது? 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை இந்நோயை இரண்டாகப் பிரிக்கிறது. கணைய நொதி மருந்து இரண்டாம் பிரிவில், ஒப்பீட்டளவில் செலவு குறைந்த சிகிச்சையாக இடம்பெறுகிறது. பழுதான புரதத்தையே இயங்கவைக்கும் புதிய மருந்துகள் மிகுசெலவுள்ள மூன்றாம் பிரிவில் உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற மும்மருந்துக் கூட்டு 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அங்கு அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 இலட்சம் டாலருக்கும் மேல். கல்லீரல் மிகவும் முற்றியவர்க்கு அம்மருந்தும் ஏற்றதன்று. ஆகவே, நோயை முன்னரே கண்டறிவதே ஏழைக் குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மருந்து.

கொள்கையின்படி, அரிய நோய்களுக்கு 50 இலட்சம் ரூபாய் வரையிலான உதவி சிறப்பு மையங்கள் வழியே வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டின் மையம் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கேரளத்தின் மையமான திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1956இல் தாய்த் தமிழகத்தோடு இணைந்த மாவட்டம் இது. அந்த எல்லைக்கோடு நோயுற்ற குழந்தைக்குச் சுவராகிவிடக் கூடாது.

எனவே நாம் கேட்க வேண்டியவை சில. வியர்வைச் சோதனை மாவட்ட அளவில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். காசநோய் மருந்துக்குப் பின்னும் தேறாத குழந்தைக்கு அச்சோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். நொதி மாத்திரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் ஆசாரிப்பள்ளத்திலேயே மாதந்தோறும் வழங்கப்பட வேண்டும். இரு மாநில மையங்களும் குமரிக் குழந்தையை ஒரே பதிவேட்டில் ஏற்று, பயணச் செலவும் தர வேண்டும். ஹீமோபிலியா, தலசீமியா ஆகியவற்றை ஏற்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தன் 21 வகைப் பட்டியலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைச் சேர்க்கவில்லை. அது திருத்தப்பட வேண்டும்.

குழந்தை மெலிந்திருப்பதைக் கண்டதும் "இவர்கள் வீட்டில் அப்படித்தான்" என்று சொல்லும் பார்வை மாறாதவரை, எந்தச் சோதனைக் கருவியும் அக்குழந்தையிடம் வந்து சேராது. எடை ஏன் கூடவில்லை என்று கேட்கும் உரிமை அத்தாய்க்கு உண்டு; அதற்கு விடை தரும் கடமை அரசுக்கு உண்டு.