‘நிறுத்துங்க’ன்னு சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

ராஸ் அல் கைமாவில் காலை ஆறு மணிக்கு ரோட்டில் இறங்கினால் மஞ்சள் ஸ்கூல் பஸ்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றில் சில இதே ஊரில் செய்யப்பட்டவை என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டுக்கு இங்கே ஒரு பஸ் தொழிற்சாலை இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பந்த்நகர் ஆலை 2016-லும், ஓசூரின் இரண்டாவது ஆலை 2017-லும் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கின. தரத்துக்காக 1951-லிருந்து கொடுக்கப்படும் பரிசு அது. தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே அதை வாங்கிவிட்டது. 2002-ல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது.

‘லீன்’, ‘கைசன்’ என்று ஆபீஸ் ட்ரெயினிங்கில் கேட்டுக் கொட்டாவி விட்டிருப்போம். நான் சாஃப்ட்வேர் ஆள். எங்கள் துறையும் இதை டொயோட்டாவிடமிருந்துதான் கடன் வாங்கியது. சுவரில் ஒட்டும் கான்பான் போர்டு வந்ததும் அங்கிருந்துதான். ஆனால் போர்டை வாங்கிய பல ஆபீஸ்கள் அதன் உயிரை வாங்க மறந்துவிட்டன.

அந்த உயிர் ஒரு தறியில் தொடங்குகிறது. சகிச்சி டொயோடா செய்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி மேலும் மேலும் நெய்யப்படாது. பின்னாளில் கார் ஆலையிலும் இதே யோசனை வந்தது. தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கயிறு. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அவரே இழுக்கலாம். உடனே டீம் லீடர் ஓடி வந்து உதவ வேண்டும். குறித்த இடத்துக்குள் சரியாகிவிட்டால் லைன் தொடரும், இல்லையென்றால் நிற்கும்.

இதில் லீடரின் வேலை என்ன என்று பாருங்கள். கயிறை இழுத்தவரிடம் “யார் பண்ணினது?” என்று கேட்கக் கூடாது. “என்ன ஆச்சு? ஏன் ஆச்சு?” என்றுதான் கேட்க வேண்டும். தைச்சி ஓனோ ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொன்னார். மெஷின் ஏன் நின்றது? ஃப்யூஸ் போனது. ஏன்? பளு கூடிவிட்டது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. அதற்கும் ஒரு ‘ஏன்’ போட்டால், வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போனது தெரியவரும். முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் ஃப்யூஸை மாற்றிவிட்டுப் போயிருப்போம். அடுத்த மாதம் மறுபடி நின்றிருக்கும்.

சரி, இது நம்ம கல்ஃப் வாழ்க்கையில் நடக்குமா? இங்கேதான் சிக்கல். நம்மில் பெரும்பாலோருக்கு வேலை போனால் விசாவும் போகும். மனைவி, பிள்ளைகளின் விசா, ஸ்கூல் சீட், வாடகைக்குக் கொடுத்த செக் எல்லாம் அந்த ஒரு வேலையில் தொங்குகிறது. அப்படி இருக்கும்போது யார் கயிறை இழுப்பார்? “சார் சொன்னா சரி” என்று தலையாட்டுவதுதான் பாதுகாப்பு. டொயோட்டாவும் இந்தப் பயத்தைப் பார்த்த நிறுவனம்தான். 1950-ல் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை தொழிலாளிக்கு வந்த பிறகுதான் குறைகளும் யோசனைகளும் தாராளமாக வெளியே வரும். ‘லீன்’ என்று சொல்லி ஆளைக் குறைக்கும் ஆபீஸில் அடுத்த யோசனையை யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

விசா சட்டத்தை ஒரு டீம் லீடால் மாற்ற முடியாது. கேள்வியை மாற்றலாம். என் டீமில் மலையாளி, பாகிஸ்தானி, பிலிப்பினோ, தமிழர் எல்லாரும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரெட்ரோ மீட்டிங். “என்ன பிரச்சினை?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல, எல்லாம் ஓகே” என்றுதான் பதில் வந்துகொண்டிருந்தது. ‘பிரச்சினை’ என்றாலே யாரையோ காட்டிக்கொடுப்பது போல ஆகிவிடுகிறது. பிறகு, “இந்த ரெண்டு வாரத்துல எதுக்காகக் காத்திருந்தீங்க?” என்று கேட்க ஆரம்பித்தேன். ஒருத்தர் டெஸ்ட் சர்வருக்கு அரை நாள் காத்திருந்தார். இன்னொருத்தர் ஒரு அப்ரூவல் மெயிலுக்கு மூன்று நாள். காத்திருப்பு ஓனோ சொன்ன ஏழு வீண்களில் ஒன்று. அதைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் இல்லை. சொன்னதில் ஒன்றையாவது அடுத்த ரெட்ரோவுக்குள் சரிசெய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்போதுதான் அடுத்த தடவையும் பேசுவார்கள்.

வீட்டுக்கும் இதே கணக்கு. நம் அப்பாக்கள் ஊருக்கு ஃபோன் போட்டால் “நான் நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொன்ன தலைமுறை. சம்பளம் தாமதமானதும் உடம்பு முடியாமல் போனதும் வருஷங்கள் கழித்துத்தான் வீட்டுக்குத் தெரியவரும். அந்த மௌனத்தை நாமும் கொஞ்சம் சொத்தாக வாங்கியிருக்கிறோம். நம் பிள்ளை மார்க் குறைந்த பேப்பரை பையின் அடியில் ஒளித்து வைத்தால், அதே பழக்கம் மூன்றாவது தலைமுறைக்கும் போகிறது.

சின்ன விஷயத்தில் தொடங்கலாம். தினமும் பிள்ளை தண்ணி பாட்டிலை மறந்துவிட்டு பஸ் ஏறுகிறதா? ஏன்? காலையில் அது கழுவாமல் கிடக்கிறது. ஏன்? ராத்திரி பைக்குள்ளேயே இருந்துவிட்டது. ஏன்? ஸ்கூலிலிருந்து வந்ததும் யாரும் பையைத் திறப்பதில்லை. அப்படியென்றால், வந்ததும் பை திறக்க வேண்டும், பாட்டில் சிங்க்குக்குப் போக வேண்டும். முடிந்தது. “உனக்குப் பொறுப்பே இல்ல” என்ற திட்டு மிச்சம்.

முக்கியம், அந்த ‘ஏன்’ போலீஸ் விசாரணை மாதிரி இருக்கக் கூடாது. பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து தேடுவதாக இருக்க வேண்டும். மார்க் பேப்பர் வரும்போது முதல் வாக்கியமாக, “நல்லவேளை, என்கிட்ட சொன்ன. எந்த இடத்துல புரியல?” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த பேப்பர் பையின் அடியிலிருந்து தானாக மேலே வரும். கொஞ்ச நாள் ஆகலாம். பொறுங்கள்.