சொந்த லோடு வண்டி: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சரக்கு வாங்குவதில் காட்டும் சாமர்த்தியத்தை நம் வணிகர்களில் பலர் வண்டி வாங்குவதில் காட்டுவதில்லை. துவரம்பருப்பு மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைக்க அரை மணி நேரம் பேசுகிறவர், ஒன்பது லட்ச ரூபாய் வண்டியை, "பக்கத்துக் கடைக்காரர் வாங்கினார், நானும் வாங்கினேன்" என்று ஒரே நாளில் பதிவு செய்துவிட்டு வந்துவிடுகிறார். வண்டியும் ஒரு சரக்குதான். அதற்கும் அடக்கவிலை உண்டு, கழிவு உண்டு, லாப நட்டம் உண்டு. இதில் தவறினால் பணம் மட்டுமல்ல, ஆட்களின் உயிரும் போகும். ஆகவே டீசல் லோடு வண்டி வாங்க நினைக்கும் மளிகைக்கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதல் கேள்வி: சொந்த வண்டி தேவையா?

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். மொத்தச் சந்தை உங்கள் கடையிலிருந்து 60 கிலோமீட்டர். போக வர 120. வண்டி விலை 9 லட்சம். எட்டு வருடம் ஓட்டி 3 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்றால் தேய்மானம் வருடத்துக்கு 75,000 ரூபாய். கடன் வட்டி சராசரியாக 50,000, இன்ஷூரன்ஸ், சாலை வரி, எஃப்.சி. எல்லாம் சேர்த்து 40,000 என்று வையுங்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும் வருடத்துக்கு 1,65,000 ரூபாய் செலவு நிச்சயம்.

இனி நடைச் செலவு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வீதம் 10 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 920. டயர், ஆயில், பராமரிப்பு கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வீதம் 240. டிரைவர் படி 800. ஆக ஒரு நடைக்கு 1,960 ரூபாய்.

வாரம் 2 நடை என்றால் வருடத்தில் 104 நடை. நிலையான செலவு நடைக்கு 1,587 ரூபாய் விழும்; மொத்தம் 3,547. அதே சரக்கை வாடகை வண்டி 3,000 ரூபாய்க்குக் கொண்டுவந்து இறக்கினால், சொந்த வண்டிக்காரர் வருடத்துக்கு ஏறக்குறைய 57,000 ரூபாய் கைநட்டம் அடைகிறார். வாரம் 4 நடை ஓடினால் நடைச் செலவு 2,753 ஆகக் குறைந்து, வருடத்தில் சுமார் 51,000 மிச்சமாகும். இந்தக் கணக்கில் எல்லைக்கோடு வருடத்துக்கு 159 நடை, அதாவது வாரத்துக்கு மூன்று நடைக்குச் சற்று மேல்.

உங்கள் ஊர் தூரம், வாடகை, டிரைவர் கூலி வேறாக இருக்கும். மாதச் சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் அந்தத் தொகையை நிலையான செலவில் சேர்க்க வேண்டும். எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதுதான். ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எந்த ரகம்?

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது அது இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன் கொண்ட சின்ன வண்டி. முக்கால் டன் ஏற்றும். மூன்று சக்கர ஆட்டோவுக்கும் லாரிக்கும் நடுவில் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. நம் மக்கள் "குட்டி யானை" என்று பெயர் வைத்து, இன்று அந்த உருவத்தில் எந்த வண்டி வந்தாலும் குட்டி யானை என்றே அழைக்கிறார்கள். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மூன்று சிலிண்டர் இஞ்சின், ஒன்றேகால் டன் ரகம். மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர் இஞ்சின். 1.3 டன், 1.7 டன் எனப் பல அளவுகளில் வருகிறது. 2020-இல் வந்த படா தோஸ்த் இன்னும் சற்றுப் பெரிது.

ஊருக்குள் பத்து கடைக்குச் சப்ளை செய்பவருக்கு முக்கால் டன் வண்டி போதும். சந்து பொந்தில் நுழையும். வாரம் மூன்று நான்கு முறை நெடுஞ்சாலையில் போய் அரிசி, சர்க்கரை, எண்ணெய் கொண்டுவருபவருக்கு ஒன்றேகால் டன்னுக்குக் குறைந்தது உதவாது. பொரி, அவல், அப்பளம், பிஸ்கட் ஏற்றுபவருக்கு எடையைவிடத் தொட்டியின் நீள அகலம் முக்கியம். இரண்டு வரிசை இருக்கை உள்ள பொலேரோ கேம்பர் போன்ற வண்டியைச் சிலர் விரும்புகிறார்கள். ஆட்கள் பத்திரமாக உட்காரலாம். ஆனால் தொட்டி நீளம் குறையும், பாரமும் குறையும். குடும்ப வண்டி, கடை வண்டி இரண்டுமாக இருக்கட்டும் என்று வாங்கினால், மூட்டை ஏற்றும் நாளில் சங்கடப்படுவீர்கள்.

ஆர்.சி.யில் உள்ள இரண்டு எடைகள்

விற்பனையாளர் "ஒன்றரை டன் இழுக்கும் சார், இரண்டு டன்னும் இழுக்கும்" என்பார். இழுக்கும் என்பது வேறு, ஏற்றலாம் என்பது வேறு. ஆர்.சி.யில் மொத்த எடை, வெறும் வண்டி எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அந்தப் பாரத்தில் மனிதர்களும் அடக்கம்.

உதாரணத்துக்கு மொத்த எடை 2,900 கிலோ, வெறும் எடை 1,600 கிலோ. மிச்சம் 1,300. டிரைவரும் இரண்டு லோடுமேன்களும் 200 கிலோ. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, தண்ணீர் கேன் 50 கிலோ. சரக்குக்குக் கிடைப்பது 1,050 கிலோ. அதாவது 26 கிலோ அரிசிச் சிப்பம் 40, அல்லது 50 கிலோ சர்க்கரை மூட்டை 21, அல்லது தகரத்தோடு 16 கிலோ வரும் எண்ணெய் டின் 65. முன்பக்கம் இரும்புக் காவல், மேலே கேரியர், பக்கவாட்டில் உயர்த்திய இரும்புச் சட்டம் என்று 100 கிலோவுக்கு வேலை செய்தால், ஒவ்வொரு நடையிலும் நான்கு சிப்பம் குறைந்தது என்று அர்த்தம்.

பதிவான எடைக்கு மேல் ஏற்றினால் 2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அதிகப்படி சரக்கை இறக்கும் கூலியும் நம் தலையில். பாரம் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே 20,000. ஒரு நடையில் கூடுதலாகப் பத்து மூட்டை ஏற்றி மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய். ஒரு முறை எடை மேடையில் அகப்பட்டால் பல மாத மிச்சம் போய்விடும்.

இஞ்சின், பிரேக், டயர்

குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள். பாரத்தோடு மேட்டில் நின்று கிளம்ப உதவுவது டார்க் எனப்படும் முறுக்கு விசை. அது குறைந்த சுற்றிலேயே கிடைக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு வண்டியில் டார்க் ஒன்றாக இருந்தாலும், குறைந்த சுற்றில் கிடைக்கும் வண்டியே கிளட்ச் தேயாமல் உழைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் சரக்குக் கொண்டுபோகும் வணிகர்களுக்கு இது அனுபவப் பாடம்.

ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. வண்டியின் எடை இரட்டித்தால் அதே வேகத்தில் பிரேக் தாங்க வேண்டிய வேலையும் இரட்டிக்கும். இறக்கம் முழுக்கப் பிரேக்கில் காலை வைத்தே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவரை டிரைவராக வைக்காதீர்கள்.

ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டை தாங்கும்; பிரேக், ஆக்சில், டயர் மூன்றும் பழையவைதானே! டயர் மாற்றும்போது விலை குறைவு என்று கார் டயரைப் போடுவதும் கூடாது. கம்பெனி குறித்த பாரம் தாங்கும் டயர், குறித்த காற்று, இரண்டும் அவசியம்.

ஏற்றும் முறையிலும் கவனம் வேண்டும். எண்ணெய் டின், சர்க்கரை, உப்பு போன்ற கனமானவை அடியில், கேபினை ஒட்டி இருக்கட்டும். கனத்தைப் பின்கதவுப் பக்கம் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும். உயரமாக அடுக்கினால் வளைவில் வண்டி சாயும். கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் எடையின் நியாயம் அதற்கும் முந்தியது.

பி.எஸ். 6 வண்டி

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வண்டிகளே விற்பனையாகின்றன. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் சற்றுத் தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். பஜாருக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி ஓடி நிற்கும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியத் தொடங்கும். சர்வீஸ் செலவு வரும். அப்படிப்பட்ட ஓட்டம் உள்ளவர்கள் சி.என்.ஜி. அல்லது மின்சார வண்டியை விசாரிப்பது நல்லது. கலப்பட டீசல் இந்த வடிகட்டிக்கு எமன். வாங்கும் வண்டிக்கு யூரியா திரவம் ஊற்ற வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 1.7 டன் ரகம் அந்த எல்லையைத் தாண்டும். பர்மிட் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எஃப்.சி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடா வருடம்.

டிரைவர் உரிமம் பற்றி நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று 2017-இல் சொன்னதை, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-இல் உறுதி செய்தது. உரிமம் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் முதலாளியின் பொறுப்பு.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளி மாநிலத்திலிருந்து 50,000 ரூபாய்க்கு மேலும் சரக்கு வந்தால் இ-வே பில் வேண்டும். வழியில் வண்டி மாறினால் வண்டி எண்ணையும் அதில் மாற்ற வேண்டும்.

ஜி.எஸ்.டி.யில் சரக்கு வண்டிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். 9 லட்ச ரூபாய் பில்லில் வரி சுமார் 1,37,000. கார் போல் அல்லாமல் சரக்கு வண்டிக்கு இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். ஆனால் காம்பவுண்டிங் முறையில் இருப்பவருக்கு இது கிடையாது. சில்லறை அரிசி, 26 கிலோ சிப்பம் போன்ற வரியில்லாச் சரக்கும் விற்பவர், அந்த விகிதத்துக்கு வரவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எடுத்த வரவின் மேல் தேய்மானம் கோரவும் முடியாது. உங்கள் கணக்காளரைக் கேட்டு, பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்கும்படி வாங்குங்கள்.

மூட்டை மேல் உட்காரும் மனிதர்

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியாகச் சொல்கிறேன். அடுக்கிய மூட்டைகளின் மேல் லோடுமேன்களை உட்கார வைத்து அழைத்து வருவது நம்மிடையே சகஜமாகிவிட்டது. போதாக்குறைக்கு, வழியில் கை காட்டியவர்களையும் ஏற்றுகிறார்கள். சரக்கு வண்டியில் இலவசமாகவோ கூலிக்கோ ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. நிறுவனமே முதலில் கொடுத்தாலும் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும். பல லட்சம் என்று தீர்ப்பானால் கடை, வீடு இரண்டும் போகும்.

சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ 1994 திருத்தத்துக்குப் பின் பாதுகாப்பு உண்டு. நம் லோடுமேன்களுக்கு, எத்தனை பேர் என்று பாலிசியில் எழுதி அதற்கான பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். அந்தத் தொகை மிகச் சிறியது. வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும்கூட ஆள் உட்கார வேண்டிய இடம் கேபின்தான், மூட்டை மேல் அல்ல. காலையில் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர் மாலையில் முழுதாக வீடு திரும்ப வேண்டும். அந்தப் பொறுப்பு எந்தப் பாலிசியிலும் தீராது.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா, பாக்கி அபராதம் உண்டா, சேஸ் எண் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். சேஸில் வெல்டிங், கூடுதல் ஸ்பிரிங் பட்டை, பின்டயரில் ஒருபக்கத் தேய்மானம் இவை இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்தது என்று பொருள். விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுங்கள். வாங்கியபின் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்.

புது வண்டியானால், கடைசியாக ஒரு யோசனை. வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் சரக்கு ஒரு டன் ஏற்றி, உங்கள் டிரைவரை வைத்து, உங்கள் வழக்கமான பாதையில் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்க விருப்பமுள்ளவர் சம்மதிப்பார். பக்கத்தில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் இருக்கிறது, உதிரிபாகம் அன்றே கிடைக்குமா என்பதையும் அதே ரக வண்டி வைத்திருக்கும் நம் சங்க உறுப்பினர்களிடம் விசாரியுங்கள். வண்டி இரண்டு நாள் நின்றால் கடையில் சரக்கு இருக்காது. வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.