நேற்றுத் தாங்கிய ரகம் இன்று ஏன் விழுகிறது?

திருப்பருத்திக்குன்றத்தை அடுத்த வேகவதிக் கரை வயல்களில், மார்கழிப் பனியில் சம்பா நெல்லைக் குலை நோய் தாக்குவதுண்டு. இலையில் கண் வடிவப் புள்ளி விழும். கதிர்க் கழுத்தைப் பிடித்தால் மணி பதராகும். முன்பு தாங்கிய ரகமும் விழும்போது விதையில்தான் கோளாறு என்று விவசாயிகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மாறியது விதையல்ல, பூசணமே.

நோய் தரும் பூசணத்தின் மரபுப்பொருளான டி.என்.ஏ.யை முழுவதும் படித்து 2005இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். நான்கே வகை எழுத்து. ஆனால் ஏறத்தாழ 4 கோடி எழுத்துகள், சுமார் 11,000 மரபணுக்கள்!

நம் கோயமுத்தூரில் உருவான கோ 39 நெல்லில் ஒரு காவல் மரபணு உண்டு. பூசணத்தின் குறிப்பிட்ட மரபணு ஒன்றை அடையாளம் கண்டால்தான் அது விழிக்கும். நெல்லைத் தாக்கும் பூசணங்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு உதிர்ந்தோ சிதைந்தோ போயிருப்பது தெரியவந்தது. திருடன் தன் மச்சத்தை அழித்துக்கொண்ட கதைதான். ஆராய்ச்சி வயல்களில் இன்று கோ 39 எளிதில் நோய் வாங்கும் ரகமாகவே, ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுகிறது.

ஆகவே ஏரிப் பாசனம் முழுவதும் ஒரே ரகத்தை ஆண்டுதோறும் விதைக்கக் கூடாது. ஒரு மச்சத்தை அழித்தால் ஊர் வயலெல்லாம் அதன் கையில். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுவது அவசியம். இலை கரும்பச்சையாகத் தழைத்தால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து நேர்த்தி செய்யலாம். வரப்புப் புல்லையும் அகற்றவும்.